கம்பிவழி இணையமும் சார்ஜும் ஒரே கேபிளில்: மடிக்கணினிக்கு ஏற்ற ஹப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இப்போது கடைக்கு வரும் மெல்லிய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் லேன் போர்ட், அதாவது கம்பிவழி இணையக் கேபிளைச் செருகும் வாய், கிடையாது. ஓரத்தின் தடிமன் குறையக் குறைய அந்தப் போர்ட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. இரண்டோ மூன்றோ டைப்-சி போர்ட்டுகள்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பவர்கள், ஆன்லைனில் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள், பெரிய கோப்புகளை நாள் முழுதும் அனுப்பிப் பெறுபவர்கள் எல்லாருக்கும் வைஃபை கைவிடும் நேரங்கள் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் விட்டுவிட்டுக் கேட்கும். பாதி ஏறிய கோப்பு அப்படியே நின்றுவிடும். லேன் கேபிளைச் செருகினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆனால் செருகுவதற்கு இடம் வேண்டுமே. இருக்கும் டைப்-சி போர்ட்டுகளில் ஒன்றைச் சார்ஜர் வேறு பிடித்துக்கொள்கிறது. இணையத்தையும் சார்ஜையும் ஒரே கேபிள் வழியாக மடிக்கணினிக்குள் கொண்டுவரும் டைப்-சி ஹப் இந்தத் தேவைக்காகவே வந்தது.

ஹப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது போர்ட்டுகளின் எண்ணிக்கை. ஆறு, எட்டு, பதினொன்று என்று அது ஏறிக்கொண்டே போகும். புதிதாக வாங்குபவர் அந்த எண்ணிக்கையைக் கடைசியாகப் பார்த்தால் போதும். சுவரிலுள்ள பிளக்கிலிருந்து மடிக்கணினி வரை மின்சாரம் வரும் வழி ஒன்று, ரூட்டரிலிருந்து மடிக்கணினி வரை இணையம் வரும் வழி மற்றொன்று. இந்த இரண்டு வழிகளிலும் இடையில் நிற்கும் ஒவ்வொரு பொருளின் திறனையும் பார்க்க வேண்டும். எது எல்லாவற்றிலும் குறைவோ, அந்த அளவுதான் கடைசியில் மடிக்கணினிக்குக் கிடைக்கும். ஆகவே தேடலை ஹப்பிலிருந்து தொடங்காமல், ஏற்கெனவே கையில் இருக்கும் மடிக்கணினியிலிருந்து தொடங்குவதே சரி.

முதல் படி: உங்கள் டைப்-சி போர்ட் சார்ஜை ஏற்குமா?

டைப்-சி என்ற பெயர் போர்ட்டின் வடிவத்தை மட்டுமே சொல்கிறது. அந்தச் சிறிய நீள்வட்ட வாய்க்குப் பின்னால் என்னென்ன வசதிகள் இருக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். தகவலை மட்டும் கடத்துவது, தகவலோடு சார்ஜையும் ஏற்பது, இவற்றோடு மானிட்டருக்குப் படத்தையும் அனுப்புவது என்று பல தரங்களில் வரும் போர்ட்டுகள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வட்டப் பின் கொண்ட தனிச் சார்ஜரோடு விற்கப்படும் விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் டைப்-சி போர்ட் தகவலுக்கு மட்டுமே உரியது. அத்தகைய போர்ட்டில் எவ்வளவு உயர்ந்த ஹப்பைச் செருகினாலும் இணையம் வரும்; சார்ஜ் ஏறாது.

இதை அறிய முதலில் போர்ட்டின் பக்கத்தில் உள்ள குறிகளைப் பாருங்கள். மின்னல் குறியோடு 3 அல்லது 4 என்ற எண் இருந்தால் அது பெரும்பாலும் தண்டர்போல்ட் எனப்படும் அதிவேகப் போர்ட். பேட்டரி அல்லது பிளக் போன்ற சின்னம் இருந்தால் சார்ஜை ஏற்கும் போர்ட். ஆங்கில ‘D’ எழுத்தை ஒத்த சின்னம் இருந்தால் படத்தை அனுப்பும் போர்ட். குறி எதுவும் இல்லையென்றால் வசதி இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம், ஏனெனில் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக்குகளில் எந்தக் குறியும் இல்லாமலே எல்லா டைப்-சி போர்ட்டுகளும் சார்ஜை ஏற்கின்றன. அடுத்ததாக, மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தைத் திறந்து, டைப்-சி போர்ட்டைப் பற்றிய வரியில் ‘பவர் டெலிவரி’ (டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏற்றும் பொது முறை) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் சொல்வதைவிட அந்த வரியை நம்பலாம்.

இவற்றிலெல்லாம் நிச்சயமான சோதனை ஒன்று உண்டு. நண்பரிடமோ அலுவலகத்திலோ டைப்-சி மடிக்கணினிச் சார்ஜர் ஒன்றை வாங்கி, ஹப் எதுவும் இல்லாமல் உங்கள் போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் அடுத்த படிக்குப் போகலாம். இரண்டு டைப்-சி போர்ட்டுகள் இருந்தால் இரண்டிலும் தனித்தனியாகச் செருகிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவற்றில் ஒன்று மட்டுமே சார்ஜை ஏற்கும் மாடல்களும் இருக்கின்றன.

சோதனையில் சார்ஜ் ஏறவில்லை என்றால், சார்ஜ் வசதி கொண்ட ஹப்புக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பழைய சார்ஜரை அப்படியே வைத்துக்கொண்டு, லேன் போர்ட் மட்டும் உள்ள சிறிய அடாப்டர் ஒன்றை வாங்கினால் போதும். விலையும் குறைவு, கெட்டுப்போக வாய்ப்பும் குறைவு. டைப்-சி போர்ட்டே இல்லாத பழைய மடிக்கணினிக்கும் இதுவே வழி. சாதாரண யூஎஸ்பி வாய்க்குப் பொருந்தும் லேன் அடாப்டர்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அதன் முழு வேகம் வேண்டுமானால் அதை யூஎஸ்பி 3 போர்ட்டில் செருக வேண்டும். பல மடிக்கணினிகளில் அந்தப் போர்ட்டின் உள்நாக்கு நீல நிறத்தில் இருக்கும்.

இனி வாங்கப்போகும் மடிக்கணினிகளில் இந்தக் குழப்பம் குறையும் என்று எதிர்பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய மடிக்கணினிகள் டைப்-சி வழியாகச் சார்ஜை ஏற்க வேண்டும் என்ற விதி 2026 ஏப்ரல் 28 முதல் நடைமுறைக்கு வருமாறு இயற்றப்பட்டிருக்கிறது. ஒரு சந்தைக்காக மாற்றப்படும் வடிவமைப்பு மற்ற நாடுகளுக்கும் வந்து சேருவதே வழக்கம்.

இரண்டாம் படி: வாட் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருப்பவர்கள் இந்தப் பகுதியைப் படிக்கட்டும். ‘ஹப் வேலை செய்யவில்லை’ என்று சொல்லப்படும் புகார்களில் பல, ஹப்பின் கோளாறே அல்ல. வாட் கணக்கைப் பார்க்காமல் பொருள்களை இணைத்ததால் வருபவை.

மடிக்கணினியோடு வந்த சார்ஜரைத் திருப்பி, அதில் பொடி எழுத்தில் உள்ள ‘அவுட்புட்’ என்ற வரியைப் படியுங்கள். டைப்-சி சார்ஜர் என்றால் 5 வோல்ட், 9 வோல்ட், 15 வோல்ட், 20 வோல்ட் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை ஆம்பியர் என்றும் இருக்கும். கடைசி வரியில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்க 65 வாட் வரும். அதுவே அந்தச் சார்ஜர் தரக்கூடிய உச்ச அளவு.

இப்போது இந்தச் சார்ஜரை ஹப்பில் செருகி, ஹப்பை மடிக்கணினியில் செருகுவதாக வைத்துக்கொள்வோம். ஹப்புக்குள் லேன் சிப், யூஎஸ்பி சிப், படத்துக்கான சிப் எல்லாம் இருக்கின்றன; அவற்றுக்கும் மின்சாரம் வேண்டும்; நீங்கள் ஹப்பில் செருகப்போகும் பென் டிரைவுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் வேண்டும். ஆகவே ஹப் தனக்கென்று ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைத்தான் மடிக்கணினிக்கு ‘இவ்வளவு தர முடியும்’ என்று அறிவிக்கிறது. அந்தப் பங்கு பல ஹப்புகளில் 15 வாட். சிலவற்றில் அதைவிடக் குறைவு. அந்த நேரத்தில் ஹப்பில் எதுவும் செருகப்படாமல் இருந்தாலும் பெரும்பாலான ஹப்புகள் அந்தப் பங்கை விட்டுக்கொடுப்பதில்லை. ஆக, 65 வாட் சார்ஜரிலிருந்து மடிக்கணினிக்குச் சேருவது 50 வாட்தான்.

50 வாட் போதுமா என்பது நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது. எழுதுவது, மின்னஞ்சல் பார்ப்பது, வீடியோ அழைப்பில் பேசுவது போன்ற வேலைகளில் மெல்லிய மடிக்கணினி அதைவிட மிகக் குறைவாகவே செலவழிக்கும். பேட்டரி கொஞ்சம் மெதுவாக நிறையும், அவ்வளவுதான். காணொளித் தொகுப்பு, பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்வது, முப்பரிமாண வரைகலை போன்ற வேலைகளில் மடிக்கணினி முழு 65 வாட்டையும் கேட்கும். பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டும். சார்ஜர் செருகியிருக்கும்போதே பேட்டரி சதவீதம் இறங்கும். இதற்குத் தீர்வு, ஹப் எடுத்துக்கொள்ளும் பங்கையும் சேர்த்துப் பெரிய சார்ஜரை வாங்குவது. 65 வாட் தேவைப்படும் மடிக்கணினிக்கு 100 வாட் சார்ஜரை ஹப்பில் செருகினால், 15 வாட் போக 85 வாட் வந்து சேரும். சார்ஜர் பெரிதாக இருந்தால் மடிக்கணினி எரிந்துவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை: பவர் டெலிவரி முறையில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்பதைச் சார்ஜர் முதலில் அறிவிக்கும், மடிக்கணினி தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கும்.

ஹப் பெட்டியில் ‘100 வாட் பிடி’ (பிடி என்பது பவர் டெலிவரியின் சுருக்கம்) என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஹப் உள்வாங்கக்கூடிய அளவைக் குறிக்கும். வெளியே கொடுப்பதை அல்ல. கொடுக்கும் அளவு விவரப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ‘மடிக்கணினிக்கு 85 வாட் வரை’ என்பது போலச் சிறிய எழுத்தில் இருக்கும். நேர்மையான தயாரிப்பாளர்கள் அதை வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். எங்கும் எழுதப்படவில்லை என்றால் 15 வாட் கழித்துக் கணக்கிடுங்கள்; அல்லது எழுதியிருக்கும் வேறொரு ஹப்பைப் பாருங்கள். நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன்.

சார்ஜரையும் ஹப்பையும் இணைக்கும் கேபிளைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 3 ஆம்பியருக்கு மேல் கடத்த வேண்டுமானால் டைப்-சி கேபிளின் முனைக்குள் ‘இ-மார்க்கர்’ என்ற சிறிய சிப் இருக்க வேண்டும். அது இல்லாத கேபிளைக் கண்டால் சார்ஜர் 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 20 வோல்ட்டில் அது 60 வாட். இதன் விளைவு என்ன? 100 வாட் சார்ஜர், 100 வாட் ஹப் இரண்டையும் வாங்கிவிட்டு, கைபேசியோடு வந்த கேபிளால் இணைத்தால், 60 வாட் உள்ளே போய் 45 வாட் வெளியே வரும். கேபிளின் உறையில் 5 ஆம்பியர், 100 வாட் அல்லது 240 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கைபேசிச் சார்ஜர்களிலும் எச்சரிக்கை வேண்டும். 65 வாட், 80 வாட், 120 வாட் என்று கைபேசிச் சார்ஜரில் எழுதியிருப்பது பல நேரம் அந்த நிறுவனத்தின் சொந்த வேகச் சார்ஜ் முறைக்கு மட்டுமே பொருந்தும். மற்றக் கருவிகளுக்குப் பவர் டெலிவரி முறையில் அது தருவது மிகவும் குறைவாக இருக்கலாம். அவுட்புட் வரியில் 20 வோல்ட் என்ற எண் இல்லாத சார்ஜரை மடிக்கணினிக்கு நம்ப வேண்டாம். 20 வோல்ட் கிடைக்காவிட்டால் சார்ஜையே ஏற்க மறுக்கும் மடிக்கணினிகள் இருக்கின்றன. இந்தியாவில் வாங்குபவர்கள், சார்ஜரின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறியும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணைப் ‘பிஐஎஸ் கேர்’ என்ற கைபேசிச் செயலியில் இட்டால் பதிவு உண்மையா என்று தெரிந்துவிடும்.

விளையாட்டுக்கென்று வரும் கனமான மடிக்கணினிகளுக்கு இந்த வழி முழுமையாகப் பயன்படாது. அவற்றின் சொந்தச் சார்ஜர்கள் 180 வாட்டையும் தாண்டுபவை. சந்தையிலுள்ள ஹப்புகளில் பெரும்பாலானவை 100 வாட்டோடு நின்றுவிடுகின்றன. பவர் டெலிவரியின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் உச்ச அளவை 240 வாட்டாக உயர்த்தியது என்றாலும், 140 வாட் சார்ஜரைச் சாதாரண 100 வாட் ஹப்பில் செருகினால் 100 வாட்டாகவே இறங்கும். இத்தகைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஹப்பை இணையத்துக்கு மட்டும் பயன்படுத்தி, சார்ஜரை அதன் சொந்தப் போர்ட்டில் செருகுவதே நல்லது.

மூன்றாம் படி: லேன் வேகம்

ஹப்புகளின் லேன் போர்ட்டுகள் மூன்று வேகங்களில் வருகின்றன: நொடிக்கு 100 மெகாபிட், 1000 மெகாபிட், 2500 மெகாபிட். ஆயிரத்தைக் கிகாபிட் என்பார்கள். விலை குறைந்த ஹப்புகளில் ‘ஈதர்நெட் போர்ட் உண்டு’ (லேன் போர்ட்டின் இன்னொரு பெயர்) என்று மட்டும் இருந்து, வேகம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது 100 மெகாபிட் போர்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். விவரத்தில் ‘10/100’ என்றிருந்தால் 100தான்; ‘10/100/1000’ என்றிருந்தால் கிகாபிட்.

உங்கள் இணையத் திட்டம் 100 மெகாபிட்டுக்கு உட்பட்டதாக இருந்தாலும் கிகாபிட் போர்ட்டையே வாங்குங்கள். 100 மெகாபிட் போர்ட்டில் உண்மையில் கிடைப்பது 94 அல்லது 95 மெகாபிட். நாளை திட்டத்தை 200க்கோ 300க்கோ உயர்த்தினால், மாதந்தோறும் கூடுதல் பணம் கட்டியும் மடிக்கணினிக்கு அதே 94தான் வரும். வீட்டுக்குள்ளேயே வேறொரு கணினிக்கோ சேமிப்புக் கருவிக்கோ கோப்புகளை அனுப்புபவர்களுக்கு இன்றே அந்த வேறுபாடு தெரியும். 2500 மெகாபிட் போர்ட் என்பது ரூட்டரோ லேன் கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் சுவிட்சோ அதே வேகத்தில் இருந்தால்தான் பயன். இல்லாதவர்கள் அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

கிகாபிட் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அந்த லேன் சிப் ஹப்புக்குள் எந்த யூஎஸ்பி வழியில் இணைந்திருக்கிறது என்பதும் முக்கியம். யூஎஸ்பி 2.0 வழியின் ஏட்டளவு உச்சம் 480 மெகாபிட். அதன் பின்னால் கிகாபிட் லேன் சிப்பை வைத்தால், நடைமுறையில் 300 மெகாபிட்டையொட்டியே வேகம் நின்றுவிடும். யூஎஸ்பி 3 வழியின் உச்சம் 5000 மெகாபிட். அதில் கிகாபிட் சிப் தன் முழு வேகமான 940 மெகாபிட் வரை ஓடும். ஹப்பின் சாதாரண யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு ‘5 கிகாபிட்’ அல்லது ‘10 கிகாபிட்’ என்று குறிப்பிட்டிருந்தால் உள்ளே யூஎஸ்பி 3 வழி இருக்கிறது என்று கொள்ளலாம்.

சிப்பின் பெயரைச் சொல்லும் விற்பனையாளர் கிடைத்தால் நல்லது. ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்8153, ஆசிக்ஸ் நிறுவனத்தின் ஏஎக்ஸ்88179 ஆகியவை யூஎஸ்பி 3 வழியில் இயங்கும் கிகாபிட் சிப்புகள். ஆர்டிஎல்8156 என்பது 2500 மெகாபிட் சிப். ஆர்டிஎல்8152 என்றால் 100 மெகாபிட்டோடு நிற்கும் சிப். கடைசி எண்ணில் ஒன்று மாறினால் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால் அந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் சிப்புகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: லினக்ஸிலும் இன்றைய விண்டோஸிலும் மேக்கிலும் தனியாக டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) எதுவும் நிறுவாமலே அவை பெரும்பாலும் வேலை செய்துவிடும்.

ஹப்புக்கு வெளியே உள்ள வழியையும் பாருங்கள். வீட்டிலுள்ள ஃபைபர் மோடத்தின் லேன் போர்ட்டுகள் எல்லாமே கிகாபிட் என்று எண்ண வேண்டாம்; நான்கில் ஒன்று மட்டும் கிகாபிட்டாக இருக்கும் மோடங்களும் உண்டு, அதைப் போர்ட்டின் அருகே குறித்திருப்பார்கள். லேன் கேபிள் கேட் 5ஈ அல்லது கேட் 6 வகையாக இருந்தால் 100 மீட்டர் வரை கிகாபிட் ஓடும். கிகாபிட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். கதவிடுக்கில் நசுங்கியோ, முனையில் சரியாகக் கிரிம்ப் செய்யப்படாமலோ மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனால் இணைப்பு முற்றாக அறுந்துவிடுவதில்லை. சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். இதனால்தான் பலர் மாதக்கணக்கில் குறைந்த வேகத்தோடு இருந்தும் அறியாமல் இருக்கிறார்கள்.

நான்காம் படி: மானிட்டரையும் ஹப்பிலேயே இணைப்பவர்களுக்கு

ஹப்பில் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால், அது இணைய வேகத்தையும் பாதிக்கலாம் என்பதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. டைப்-சி கேபிளுக்குள் அதிவேகத் தடங்கள் நான்கு இருக்கின்றன. சில ஹப்புகள் இரண்டைப் படத்துக்கும் இரண்டைத் தகவலுக்கும் ஒதுக்குகின்றன; அப்போது லேன் முழு வேகத்தில் ஓடும், ஆனால் பழைய வகை ஹப்புகளிலும் மடிக்கணினிகளிலும் 4கே படம் நொடிக்கு 30 முறை மட்டுமே புதுப்பிக்கப்படும்; மவுஸ் அம்பு இழுபடுவது கண்ணுக்கே தெரியும். வேறு சில ஹப்புகள் நொடிக்கு 60 முறை தருவதற்காக நான்கு தடங்களையும் படத்துக்கே கொடுத்துவிடுகின்றன. அப்போது லேன் உட்பட மற்ற எல்லாம் யூஎஸ்பி 2.0 வழியில் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும்.

இரண்டும் வேண்டும் என்றால், ஹப், மடிக்கணினி இரண்டுமே டிஸ்பிளேபோர்ட் 1.4 என்ற படம் அனுப்பும் தரத்தை ஏற்பவையாக இருக்க வேண்டும். அப்போது இரண்டு தடங்களிலேயே 4கே படத்தை 60 முறை அனுப்பிவிட முடியும். மானிட்டர் முழு எச்டி மட்டுமே என்றால் இந்தக் கவலையே வேண்டாம். தண்டர்போல்ட் போர்ட் உள்ளவர்கள், இரண்டு மூன்று மானிட்டர்களோடு மேசையிலேயே நிலையாக வேலை செய்பவர்களாக இருந்தால், ஹப்புக்குப் பதிலாகச் சொந்த மின் அடாப்டரோடு வரும் டாக் ஒன்றை வாங்கலாம். விலை பல மடங்கு அதிகம். ஆனால் மேலே சொன்ன வாட் பங்கீடும் தடப் பங்கீடும் அங்கே தொல்லை தருவதில்லை.

ஐந்தாம் படி: வாங்கும் முன் பார்க்க வேண்டிய சில்லறை விஷயங்கள்

ஹப்பில் இரண்டு டைப்-சி போர்ட்டுகள் இருந்தால், சார்ஜுக்கு உரியது பெரும்பாலும் ஒன்றுதான்; அதன் அருகே ‘பிடி’ என்று பொறித்திருக்கும். சார்ஜரை மற்றொன்றில் செருகினால் ஒன்றும் நடக்காது. அதேபோல் பிடி போர்ட்டில் பென் டிரைவைச் செருகினால் பல ஹப்புகளில் அது தெரியாது.

ஹப்பின் உடல் உலோகத்தாலானதாக இருப்பது நல்லது, ஏனெனில் உள்ளே உண்டாகும் சூடு வெளியேற வேண்டும். 60, 70 வாட் கடந்துபோகும்போது கை வைத்தால் நன்றாகச் சுடுவது இயல்பு. ஆனால் எர்த் இணைப்பு இல்லாத இரட்டைப் பின் சார்ஜரைப் பயன்படுத்தினால், உலோக உடலைத் தொடும்போது விரலில் மெல்லிய அதிர்வு தெரியும். மூன்று பின் சார்ஜரும், முறையாக எர்த் கொடுத்த பிளக்கும் இருந்தால் அது நின்றுவிடும்.

யூஎஸ்பி 3 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை விளக்கியது. அதே அலைவரிசையில் இயங்கும் வயர்லெஸ் மவுஸின் சிறிய ரிசீவரை ஹப்பிலேயே செருகிவிட்டு, அம்பு தடுமாறுகிறது என்று தவிப்பவர்கள் அதை மடிக்கணினியின் மறுபக்கப் போர்ட்டுக்கு மாற்றினால் போதும். ஹப்பின் சொந்தக் கேபிள் மிகக் குட்டையாக இருந்தால் ஹப் அந்தரத்தில் தொங்கி, கனமான லேன் கேபிளின் இழுவை முழுவதும் டைப்-சி முனையில் விழும். ஆகவே ஹப் மேசைமேல் படுத்திருக்கும் அளவுக்காவது கேபிள் நீளமாக இருக்கட்டும்.

அலுவலகத்தில் பயன்படுத்தப்போகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். ஹப்பின் லேன் சிப்புக்குச் சொந்தமாக ஒரு மேக் முகவரி (MAC) என்ற அடையாள எண் உண்டு; ஆப்பிளின் மேக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. வலையமைப்பு உங்களை அந்த முகவரியால்தான் அடையாளம் காணும். பதிவுசெய்த முகவரிகளை மட்டுமே அனுமதிக்கும் அலுவலகங்களிலும் விடுதிகளிலும், புதிய ஹப்பின் முகவரியை நிர்வாகியிடம் கொடுத்தால்தான் இணையம் வரும். வீட்டிலும் முகவரியைக் கட்டிவைக்கும் இணைய நிறுவனங்கள் உண்டு. ஆனால் இடையில் ரூட்டர் இருந்தால் இந்தச் சிக்கல் எழாது. தெருக் கம்பத்திலிருந்து செப்பு லேன் கேபிள் நேராக வீட்டுக்குள் வரும் இணைப்பாக இருந்தால், ரூட்டர் இல்லாமல் அதை ஹப்பில் செருக வேண்டாம். இடி மின்னலின்போது கழற்றியும் வையுங்கள். கேபிள் வழியே வரும் அதிர்ச்சி ஹப்போடு நிற்காமல் மடிக்கணினியின் சார்ஜ் சுற்று வரை போகக்கூடும்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊர்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். சார்ஜர் நின்ற கணத்தில் ஹப், சுவர் மின்சாரத்தை விட்டு மடிக்கணினியின் மின்சாரத்துக்கு மாற வேண்டும். அந்த மாற்றத்தில் பல ஹப்புகள் ஒரு நொடி அணைந்து எழுகின்றன. ரூட்டர் இன்வர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தாலும் லேன் இணைப்பு அறுந்து மறுபடி வரும், வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு சிதையலாம். மடிக்கணினிச் சார்ஜரையும் இன்வர்ட்டர் இணைப்பிலேயே செருகுவது எளிய தீர்வு.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்ததும் சோதிப்பது

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் அதே சார்ஜர், அதே கேபிள், அதே ரூட்டரோடு சோதனையை முடித்துவிடுங்கள். முதலில் சார்ஜர் இல்லாமல் ஹப்பையும் லேன் கேபிளையும் மட்டும் செருகி, வைஃபையை அணைத்துவிடுங்கள். வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் எதன் வேகத்தை அளக்கிறோம் என்றே தெரியாது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட்டைத் திறந்தால் ‘லிங்க் ஸ்பீட்’ என்ற வரி இருக்கும். அதில் 1000/1000 என்று வர வேண்டும். 100/100 என்று வந்தால் ஹப்பைக் குறை சொல்லும் முன் வேறு லேன் கேபிளையும், மோடத்தின் வேறு போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். அதன் பிறகே வேகச் சோதனைத் தளத்துக்குப் போக வேண்டும்.

அடுத்து, பேட்டரி பாதிக்கும் கீழே இருக்கும்போது சார்ஜரை ஹப்பில் செருகுங்கள். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு ஆப்பிள் மெனுவைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குள் ‘பவர்’ பகுதியைப் பார்த்தால், எத்தனை வாட் சார்ஜர் என்று மடிக்கணினி கருதுகிறது என்பது தெரியும். 65 வாட் சார்ஜரைச் செருகியும் அங்கே 50 என்று வந்தால், அது ஹப் தன் பங்கை எடுத்துக்கொண்டதன் கணக்கு. சில விண்டோஸ் மடிக்கணினிகள் போதாத சார்ஜரைக் கண்டால் ‘மெதுவான சார்ஜர்’ என்று எச்சரிக்கும். துல்லியமாக அறிய விரும்புபவர்கள், ஹப்புக்கும் மடிக்கணினிக்கும் இடையில் செருகும் சிறிய டைப்-சி வாட் மீட்டர் ஒன்றைப் பயன்படுத்தலாம்.

பிறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள்: சார்ஜ் ஏறட்டும், மானிட்டர் இருந்தால் எரியட்டும், பென் டிரைவிலிருந்து பெரிய கோப்பு நகலாகட்டும், அதே நேரத்தில் ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் இருங்கள். தனித்தனியாக நன்றாக ஓடும் ஹப் சூடேறியபின் ஒன்றாக ஓட்டும்போது லேனை உதறுவதுண்டு. சார்ஜரை நடுவில் ஒருமுறை பிடுங்கிச் செருகி, இணைப்பு எத்தனை நொடியில் திரும்புகிறது என்றும் பாருங்கள்.

மடிக்கணினி உறங்கி எழுந்தபின் மட்டும் இணையம் வராமல் போனால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்களின் கீழ் அந்த லேன் சிப்பைத் திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவலில் மின்சாரத்தைச் சேமிக்க இக்கருவியை அணைக்கலாம் என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். ஆப்பிள் சிப் கொண்ட மேக்புக்குகளில் புதிய ஹப்பை முதன்முறை செருகும்போது அனுமதி கேட்கும் சிறு பெட்டி தோன்றும். அதில் ‘அலவ்’ கொடுக்காவிட்டால் சார்ஜ் மட்டும் ஏறும், லேன் தெரியாது. இவற்றையெல்லாம் சரிபார்த்தும், சிப் தயாரிப்பாளரின் தளத்திலுள்ள புதிய டிரைவரை நிறுவியும் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தால், கெடு முடிவதற்குள் அந்த ஹப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு சிப் உள்ள மாடலை வாங்குங்கள்.